எழும்பூர் கண் டாக்டர் எலியட்

ஒரு நாள் இராயப்பேட்டையில் அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுளுக்கருகே உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் பேரனின் கையைப் பிடித்தபடி வந்து, ஸலாம் சொல்லிவிட்டு, ஒரு மஸ்அலா கேட்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு ஒரு கண் நீர் அழுத்த நோயால் முன்பே போய்விட்டது. மற்றொரு கண்ணில் புரை முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சில நாட்கள் தலையைக் குனியக் கூடாது என்று டாக்டர் கூறிவிட்டாராம். விவரமறிந்த நாள் முதல் ஒரு வக்து ஸுஜூதையும் விட்டதில்லையே, இந்த வயதிலா விடுவது என்று இரண்டு ஆண்டுகளாக ஒத்திப் போட்டு வந்திருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே கண் வைத்தியம் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று ஊரில் யாரோ சொல்லியதும் மனதில் பதிந்திருக்கிறது.

அந்த வரலாறு உண்மையானதே. ஹிஜ்ரி 68ல் வஃபாத்தான அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இறுதிக் காலத்தில் பார்வையை இழந்தார்கள். சில நாட்கள் படுத்தவாறே தொழுவதாக இருந்தால் குணப்படுத்துவேன் என்று ஒரு வைத்தியர் வந்தார். ஆயிஷா (ரலி), உம்மு ஸலமா (ரலி) ஆகிய அன்னையரிடம் கருத்துக் கேட்டதாகவும், அந்த நாட்களுக்குள் மரணம் வந்துவிட்டால் தொழுகையை என்ன செய்வீர்கள் என்ற பொருளில் பதில் வந்ததாகவும், அதன் பின் வைத்தியத்தை அவர்கள் விட்டுவிட்டதாகவும் அறிவிப்புகளில் வருகிறது. அது அவர்களுடைய பேணுதல். ஆனால் மஸ்அலா அத்துடன் முடிந்துவிடவில்லை. நம்பிக்கைக்குரிய, அனுபவமுள்ள மருத்துவர் சொன்னால் கண்ணுக்காகப் படுத்துத் தொழலாம் என்பதையே ஷாஃபிஈ மத்ஹபில் சரியான சொல்லாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டியுள்ளார்கள். ஹனஃபி நூல்களிலோ, கண்ணில் இறங்கிய நீரை அகற்றுவதற்காக மருத்துவர் மல்லாந்து படுக்கச் சொன்னால் சைகையால் தொழ வேண்டும், உறுப்பும் உயிரைப் போலவே காக்கப்பட வேண்டியது என்று தெளிவாகவே வந்திருக்கிறது. நீர் இறங்குதல் என்று அரபு நூல்கள் கூறுவது நம் கண்புரையைத்தான்.

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் தெளிந்தது. ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்தது. நம்பிக்கைக்குரிய மருத்துவர் என்று எப்படி அறிவது?

நான் அவர்களுக்கு அன்று கூறிய விடை மிகச் சுருக்கமானது. வீடு திரும்பிய பின், இதே நகரில் நூறாண்டுகளுக்கு முன் பணியாற்றிய ஒரு வெள்ளைக்கார டாக்டரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி வாசகர்களுக்கு எழுதலாமென்று தோன்றியது.

அவர் பெயர் ராபர்ட் ஹென்றி எலியட். பெயரைக் கேட்டதும் அடையாற்றுக்குத் தெற்கே உள்ள எலியட்ஸ் பீச்சையும், மயிலாப்பூரில் இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையாகிவிட்ட பழைய எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டையும் நினைத்துவிட வேண்டாம். அவை மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட் என்ற வேறொருவரின் பெயரால் வந்தவை. நம் டாக்டரின் பெயரில் கடற்கரை ஏதும் இல்லை. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியிலுள்ள பயிற்சிப் பள்ளிக்குத்தான் அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த ஆஸ்பத்திரிக்கும் நம் இராயப்பேட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1819ல் அது இராயப்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்து உலகிலேயே பழமையான கண் ஆஸ்பத்திரி என்று அதைக் கூறுவர். 1880களில் எழும்பூருக்கு மாறியது.

1864ல் பிறந்த எலியட், லண்டனில் மருத்துவம் படித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். முதலில் அவர் பெயர் வெளியே தெரிந்தது கண் வைத்தியத்தால் அல்ல, பாம்பு விஷத்தால். நாகப்பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் உடலில் என்ன செய்கின்றன என்று அவர் செய்த ஆராய்ச்சிகள் 1905ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தன. அதற்கு முந்திய ஆண்டே, 1904ல், எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்துவிட்டது. 1914 வரை அங்கே இருந்தார்.

அந்தப் பத்தாண்டுகளில் அவர் ஓயாமல் கண்ட ஒரு காட்சி, ஊர் சுற்றும் கண் வைத்தியர்களால் கெட்டுப்போன கண்கள். நம் பாட்டன்மார் காலத்தில் கண்புரைக்கு இருந்த வைத்தியம், கூரிய முனையால் கண்ணைக் குத்தி, வெண்மையாகிவிட்ட வில்லையைப் பின்புறம் தள்ளிவிடுவது. புதிய முறையல்ல அது. சுசுருதர் பெயரிலுள்ள நூலிலும் இருக்கிறது, அரபு மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. தள்ளிய உடனே வெளிச்சம் தெரியும். வைத்தியர் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார், நோயாளி எண்ணுவார், சுற்றி நின்ற சொந்தபந்தங்கள் மகிழ்ந்து கூலியைக் கொடுப்பார்கள். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சுத்தம் செய்யாத ஊசியால் சில நாட்களில் கண் சீழ் பிடிக்கும். அல்லது உள்ளே மிதக்கும் வில்லையால் வீக்கமும் அழுத்தமும் ஏறி, மாதங்கள் கழித்துப் பார்வை அடியோடு போகும். அப்போது கேட்க வைத்தியர் ஊரில் இருக்க மாட்டார். இந்த நாடோடி வைத்தியர்களில் நம் சமுதாயத்தவரும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்தால் கேட்டுக்குப் பொறுப்பாளி அவனே என்ற நபிமொழியை வைத்திருக்கும் சமுதாயம் நாம். அதனால் இது நமக்கு இரட்டிப்பு வெட்கம்.

எலியட் அவர்களைத் திட்டி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். மற்ற வெள்ளைக்கார டாக்டர்கள் பலர் அப்படித்தான் செய்தனர். அவர் செய்தது வேறு. இப்படிக் குத்தப்பட்டு வந்த நூற்றுக்கணக்கானோரின் நிலையை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். பார்வை அறவே போய், வலி தாங்காமல் எடுக்க வேண்டியதாகிவிட்ட கண்களை எறிந்துவிடாமல் பாதுகாத்து, வெட்டிப் பார்த்து, வில்லை எங்கே போய்த் தங்கியிருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, கேடு எந்த வழியாக வந்தது என்று ஆராய்ந்தார். சிலருக்குப் பார்வை நிலைத்ததையும் மறைக்காமல் எழுதினார். அப்படி நிலைத்தவர்கள் சிறு பகுதியினரே என்பது எண்ணிப் பார்த்த பின் தெரிந்தது. எண்ணாத வரை, நல்லபடியாகிவிட்ட ஒருவர் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிவார், குருடாகிவிட்ட மற்றவர்கள் வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடுவார்கள். 1917ல் லண்டன் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் இதைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பின்னர் நூலாகவும் வந்தன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நோயாளிகளின் வரலாற்றைத் தனித்தனியாக எழுதி வைக்கும் பழக்கம் நம் முன்னோரிடமும் இருந்ததுதான். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, உள்ளே துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையையும், தாம் செய்த வைத்தியங்களின் விவரத்தையும் எழுதி வைத்தார். அந்த வழி நம்மிடம் தேய்ந்து, ஊசி மட்டும் கையில் மிஞ்சியது.

எலியட்டுக்கு உலகப் புகழ் தந்தது மற்றொரு காரியம். பெரியவரின் ஒரு கண்ணைக் கொண்டுபோன நீர் அழுத்த நோய், டாக்டர்கள் மொழியில் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் செத்துப்போகும். பெரும்பாலும் வலி இராது. ஓரத்துப் பார்வை முதலில் குறைவதால், நடுப்பார்வை போகும் வரை நோயாளிக்கே தெரியாது. போனது திரும்பாது. புரைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். ஜெர்மானிய டாக்டர் ஃபான் கிரேஃபே 1857ல் வெளியிட்ட ஆபரேஷன், திடீரென்று வலியோடு வரும் வகைக்கு உதவியது. மெதுவாக வரும் வகைக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. அழுத்தத்தை அளக்கும் ஷியோட்ஸ் கருவியே 1905ல்தான் வந்தது.

1909ல் எலியட் எழும்பூரில் ஒரு புது வழியைத் தொடங்கினார். வெண்விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வைத் தூக்கி, கருவிழியும் வெண்விழியும் சேரும் ஓரத்தில், இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த ஒரு வட்டத் துளையைச் சிறு குழாய்க் கத்தியால் போட்டு, சவ்வை மீண்டும் அதன் மேல் போர்த்தி விடுவார். உள்ளிருக்கும் நீர் துளை வழியே சவ்வுக்கடியில் கசிந்து உடலோடு கலந்துவிடும். அழுத்தம் இறங்கும். அதே ஆண்டில் கிளாஸ்கோவின் டாக்டர் ஃபெர்கஸும் தனியாக இத்தகைய முறையைக் கூறினார். ஆயினும் ஏராளமாகச் செய்து பார்த்து, சீர்படுத்தி, 1913ல் நூலாக எழுதி உலகெங்கும் பரப்பியவர் எலியட்டே. பல பத்தாண்டுகள் பல நாட்டு டாக்டர்கள் இம்முறையைக் கையாண்டனர். மெல்லிய சவ்வு மட்டுமே மேலே இருப்பதால், ஆண்டுகள் கழித்தும் கிருமி புகுந்து கண் கெடும் ஆபத்து அதில் இருந்தது. 1968ல் இங்கிலாந்தின் டாக்டர் கெய்ர்ன்ஸ் துளைக்கு மேல் வெண்விழியின் ஓரடுக்கையே மூடியாக வைக்கும் முறையை வெளியிட்ட பின், எலியட்டின் முறை வழக்கொழிந்தது. நீருக்கு வேறு வழி திறந்துவிடும் எண்ணம் மட்டும் இன்றைய ஆபரேஷன்களிலும் தொடர்கிறது.

தாயகம் திரும்பிய பின் வெப்ப நாட்டுக் கண் நோய்களைப் பற்றியும் கிளாக்கோமாவைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதினார், கற்பித்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு விசித்திரமான வேலையும் இருந்தது. லண்டன் மந்திரவித்தைக்காரர் சங்கத்தில் ஒரு குழுவின் தலைவராக இருந்து, இந்தியாவின் கயிற்று வித்தை உண்மையா என்று விசாரித்தார். 1934ல் அதைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டது. பரிசை வாங்கியவர் எவருமில்லை. விரல்களை எண்ணச் சொல்லிக் கூலி வாங்கும் வைத்தியரைப் பத்தாண்டு பார்த்தவருக்கு இந்த வேலை பிடித்துப்போனதில் வியப்பென்ன? 1936ல் இறந்தார்.

சில வாரங்கள் கழித்துப் பெரியவர் மீண்டும் பள்ளிக்கு வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து அன்றே வீடு திரும்பிவிட்டார்களாம். டாக்டர் விலக்கிய நாட்களில் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுததாகவும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றிருந்ததால் ஒளுவில் நான் சொல்லிக் கொடுத்தபடி தயம்மும் சேர்த்துக் கொண்டதாகவும் கூறினார்கள். டாக்டரிடம் முன்னதாகவே, இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்குக் கெட்டது என்று கேட்டார்களாம். அவர் கோபிக்காமல் கணக்கைச் சொன்னாராம். நீர் அழுத்த நோய் உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது என்று அவர் எச்சரித்ததால், ஊரிலிருந்து தம்பியையும் வரவழைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். தம்பிக்கும் ஆரம்ப நிலையில் இருந்ததாம். இப்போது சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.