ஆரோத் நீரூற்றண்டையில் ஒரு கேப்டன்



நியாயாதிபதிகள் 7-ம் அதிகாரத்தை நம்ம வெள்ளகோவில் சபையில எத்தனையோ தடவை தியானிச்சிருக்கோம். கிதியோன் பாளயமிறங்கின அதே ஆரோத் நீரூற்றுப் பக்கத்தில், 1938-ல் ஒரு கிறிஸ்தவ கேப்டன் யூத வாலிபருக்கு யுத்தம் பழக்கினார் என்று வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கலீங்க. அவர் பேர் ஆர்ட் விங்கேட். பிறந்தது நம் இந்தியாவில், நைனிடாலில், 1903-ல். பெற்றோர் பிளிமத் சகோதரர் சபையார். வேதமும் ஜெபமுமாய் வளர்த்தார்கள்.

1936-ல் பிரிட்டிஷ் அதிகாரியாகப் பாலஸ்தீனாவுக்குப் போனார். அப்போ யூதருக்கென்று நாடு கிடையாது. 1920 முதல் 'ஹகானா' என்ற இரகசியப் படைதான் குடியிருப்புகளைக் காத்து வந்தது. அரபியர் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். விங்கேட்டோ எபிரெயு கற்று, தீர்க்கதரிசனம் நிறைவேறும்னு நம்பி, யூதரோடு நின்றார். வேலிக்குள் காத்திருந்த ஹகானா வாலிபர்களை இருட்டில் வெளியே நடத்தினார். ஈராக்கிலிருந்து ஹைஃபா வரும் எண்ணெய்க் குழாயைக் காப்பது அவருடைய 'விசேஷ இரவுப் படை'யின் முக்கிய வேலை. பிற்பாடு இஸ்ரவேல் சேனாதிபதியான மோஷே தயான் அவரிடம் பாடம் படித்தவர். யூதர்கள் அவரைச் 'சிநேகிதன்' என்றே அழைத்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் படை அரபுக் கிராமத்தாரிடம் கொடூரமாகவும் நடந்தது. கையில் வேதம் இருந்தும் இப்படியா என்று என் மனசு கலங்கிச்சு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

1939-ல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி, மறுபடி பாலஸ்தீனாவுக்குள் வரக் கூடாதென்று பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்தினார்கள்.

1941-ல் எத்தியோப்பியாவில் தன் சிறு படைக்குக் 'கிதியோன் படை' என்றே பேர் வைத்தார். மே 5-ல் பேரரசர் ஹெய்லி செலாசி அடிஸ் அபாபாவுக்குத் திரும்பினார். இரண்டே மாதத்தில், கெய்ரோ ஓட்டல் அறையில் மலேரியாக் காய்ச்சலும் மனச்சோர்வுமாய் விங்கேட் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். பக்கத்து அறை அதிகாரி சத்தம் கேட்டு ஓடி வந்ததால் பிழைத்தார். விசுவாசிக்குச் சோர்வே வராதுன்னு நம்மில் சிலர் சொல்றாங்க. சூரைச்செடியின் கீழ் கிடந்த எலியாவை மறந்துட்டாங்க போல! அப்படி இருக்கிறவங்க வீட்டுக் கதவை நாம தட்டுறோமா?

அவர் மறுபடி எழும்பினார். 1943-ல் சுமார் 3,000 பேரோடு பர்மாவில் ஜப்பானியரின் பின்புறம் புகுந்தார். மூன்றில் ஒரு பங்கு பேர் திரும்பவில்லை. 1944 மார்ச் 24-ல் மணிப்பூர் மலையில் அவர் வந்த அமெரிக்க விமானம் விழுந்து எல்லாரும் இறந்தார்கள். அவருக்கு வயது 41. யார் எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாததால், 1950-ல் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் அனைவரையும் ஒன்றாய் அடக்கம் பண்ணினார்கள். மனைவி லோர்னா அப்போ கர்ப்பிணி. அவர் போன சில வாரங்களில் மகன் பிறந்தான்.