பிறப்பே விதியாகுமா? பேராசிரியர் வாடிங்டன் சரித்திரம்

புளியங்குடியில் நின்று மேற்கே நோக்குவோருக்கு மலைத்தொடர் ஒரு நெடுமதில்போல் காட்சியளிக்கும். அம்மலைகளின் உச்சியில் பெய்கிற மழை ஒன்றேதான். ஆயினும், குற்றாலத்து மலைமுகட்டுக்கு இப்புறம் விழுந்த துளி அருவியாகி, சிற்றாறாகி, தாமிரபர்ணியில் கலந்து கீழ்க்கடலைச் சேர்கிறது. ஒரு முழம் அப்புறம் விழுந்த துளியோ மலையாள நாட்டில் இறங்கி மேல்கடலை அடைகிறது. துளிக்குத் துளி பேதமில்லை; இறங்கிய பள்ளத்தில்தான் பேதம்.

இனி, புளியங்குடிக்குப் பேர் தந்த எலுமிச்சைத் தோட்டம் ஒன்றினுள் புகுந்து பார்ப்போம். ஒரே வித்திலிருந்து எழுந்த மரத்தில் வேர் இருக்கிறது, முள் இருக்கிறது, இலையும் மலரும் சாறு நிறைந்த கனியும் இருக்கின்றன. முள்ளிலுள்ள உயிரணுவைச் சோதித்தாலும் கனியிலுள்ள உயிரணுவைச் சோதித்தாலும், பரம்பரையாக வந்த ஜீன்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். முதல் ஒன்றாயிருக்க, ஒன்று முள்ளாகவும் மற்றொன்று கனியாகவும் ஆனது எவ்வாறு? இந்தக் கேள்விக்கே தமது வாழ்நாளின் பெரும்பகுதியை அர்ப்பணம் செய்து, மலையும் ஓடையும் கொண்ட ஒரு சித்திரத்தினால் அதற்கு விடை கூற முயன்றவர் கான்ராட் ஹால் வாடிங்டன். பிறப்பைக் கொண்டு மனிதருக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் வேரூன்றிய நமது தேசத்தில் இவருடைய சரித்திரம் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறியவேண்டியதாகும்.

1905ம் வருஷம் நவம்பர் 8ந் தேதி இங்கிலாந்தில் இவ்ஷாம் என்னும் ஊரில் வாடிங்டன் பிறந்தார். அவருடைய தந்தையார் தென்னிந்தியாவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த வயநாட்டில், நமது குற்றாலத்துக்கு வடக்கே நீண்டு கிடக்கும் அதே மலைத்தொடரின் மடியில், குழந்தை தன் முதல் சில வருஷங்களைக் கழித்தது. பிறகு, இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் வழக்கப்படி, சிறுவன் தாய் தந்தையரைப் பிரிந்து சீமையிலுள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டான். பெற்றோர் 1928 வரையில் இந்நாட்டிலேயே தங்கிவிட்டனர். அத்தையும் மாமனும், க்வேக்கர் மதத்தைச் சேர்ந்த பாட்டியாரும் அவனை வளர்த்தார்கள். தூரத்து உறவினரான மருந்துக் கடைக்காரர் ஒருவர் ரசாயனத்தையும் பூகர்ப்ப சாஸ்திரத்தையும் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தார். பெற்றவர் ஓரிடம், வளர்த்தவர் வேறிடம் என்ற நிலையில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் பிறப்புக்கும் வளர்ப்புக்கும் உள்ள தொடர்பையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது கவனிக்கத்தக்கது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் அவர் 1926ல் பூகர்ப்ப சாஸ்திரத்தில் முதல் வகுப்பில் தேறினார். கல்லாய்ப்போன பழங்காலச் சிப்பிகளே அவருடைய முதல் ஆராய்ச்சிப் பொருள்கள். ஆனால் வொய்ட்ஹெட் என்ற தத்துவ ஞானியின் நூல்கள் அவர் மனத்தை வேறுவழியில் திருப்பின. உலகில் உள்ளவை நிலைத்த பொருள்களல்ல, நிகழ்ச்சிகளே என்ற கொள்கையில் பற்றுக்கொண்டவருக்குக் கல்லைவிடக் கருவே உகந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர் கருவளர்ச்சி சாஸ்திரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தத் துறையில் அப்போது ஒரு பெரும் பரபரப்பு உண்டாகியிருந்தது. ஜெர்மனியில் ஸ்பேமான் என்பவரும் ஹில்டே மாங்கோல்ட் என்ற இளம் பெண்ணும் நீர்ப்பல்லியின் கருவில் ஒரு சிறு பகுதியை வெட்டி மற்றொரு கருவில் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் இரண்டாவது உடல் ஒன்று உருவாகத் தொடங்கியது. இதை 1924ல் வெளியிட்டார்கள். கோழி, வாத்து இவற்றின் கருவிலும் அத்தகைய பகுதி உண்டென்று வாடிங்டன் நிரூபித்தார். பிறகு நீட்ஹாம் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து, கருவுக்கு இவ்வாறு கட்டளையிடும் ரசாயனப் பொருள் எதுவென்று தேடினார். விடை எதிர்பாராததாயிருந்தது. கொன்று விட்ட திசுவும் கட்டளையிட்டது; மெதிலீன் நீலம் என்ற வெறும் சாயமும் கட்டளையிட்டது! தீக்குச்சி எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலென்ன, மருந்து உலர்ந்திருந்தால் வெடிக்கும். அதுபோல, கட்டளையைக் காட்டிலும் அதை ஏற்கும் உயிரணுவின் பக்குவமே முக்கியமென்று வாடிங்டன் கண்டார். அப்பக்குவத்தை அளிப்பவை யாவை? ஜீன்களே என்று அவர் ஊகித்தார்.

இது இன்று எளிதாகத் தோன்றலாம், அன்று அப்படியில்லை. ஜீன்களை ஆராய்ந்தவர்கள் ஒரு தெருவிலும், கருவை ஆராய்ந்தவர்கள் மற்றொரு தெருவிலும் குடியிருந்தார்கள். ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. 1938ல் வாடிங்டன் கலிபோர்னியாவுக்குச் சென்று, மார்கனின் மாணாக்கர்களிடையே தங்கிப் பழ ஈயின் சிறகு உருவாவதில் எந்தெந்த ஜீன் எந்தெந்தக் கட்டத்தில் வேலை செய்கிறதென்று ஆராய்ந்தார். 1940ல் அவர் எழுதிய நூலின் முகப்பில் ஜான் பைப்பர் என்ற ஓவியர் தீட்டிய படம் இருந்தது: மலைப் பள்ளத்தாக்குகளின் வழியே கிளை பிரிந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஆறு. 1942ல் இத்துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயரிட்டார். ஜீன்களுக்கும் உடலுக்கும் நடுவே நிகழும் காரியங்கள் அனைத்தையும் ஆராய்வது என்பதே அப்பெயரின் கருத்து.

1957ல் அச்சித்திரம் தெளிவான வடிவம் பெற்றது. மலைச்சரிவின் உச்சியில் ஒரு பந்து நிற்கிறது. அதுவே கருவின் உயிரணு. கீழே பள்ளங்கள் கிளைகிளையாகப் பிரிகின்றன. ஒரு பள்ளத்தில் இறங்கினால் நரம்பு. வேறொன்றில் இறங்கினால் தசை. மற்றொன்றில் இறங்கினால் ரத்தம். சிறிது தள்ளிவிட்டாலும் பந்து தன் பள்ளத்துக்கே திரும்பி வரும். சரிவின் அடியிலோ, கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல் ஜீன்கள் பல ஒன்றுசேர்ந்து மேட்டையும் பள்ளத்தையும் அமைக்கின்றன. ஒரு ஜீனுக்கு ஒரு குணம் என்ற குருட்டுக் கணக்குக்கு இங்கு இடமில்லை. வயநாட்டு மலைகளின் ஞாபகமே இச்சித்திரத்துக்குக் காரணமென்று சொல்ல ஆதாரமில்லை. ஆயினும் மலையடிவாரத்துத் தமிழனுக்கு இதை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை.

அவர் வாழ்ந்த காலத்தின் அரசியலையும் சொல்லாமல் இச்சரித்திரம் பூர்த்தியாகாது. பரம்பரையே விதி என்ற கொள்கை அக்காலத்தில் சர்க்கார்களின் கையில் ஆயுதமாயிற்று. அமெரிக்காவின் பல மாகாணங்களும், 1933ல் ஹிட்லரின் ஜெர்மனியும், தாழ்ந்த பிறவிகளென்று தாங்கள் முத்திரையிட்ட மக்களுக்குப் பலவந்தமாக மலட்டுச் சிகிச்சை செய்யச் சட்டமியற்றின. மறுகோடியில், ருஷியாவில் லைசெங்கோ என்பவர் ஜீன் என்பதே கட்டுக்கதையென்று சாதித்து, சர்க்காரின் தயவினால் 1948ல் அச்சாஸ்திரத்தையே தடை செய்வித்தார். உலகப் புகழ்பெற்ற தாவர அறிஞர் வாவிலோவ் அதற்கு முன்பே, 1943ல், சிறையில் மாண்டார். ஒரு கட்சி வித்தைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. மறு கட்சி வித்தையே காணவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றவர் வாடிங்டன். 1939ல் உலக அறிஞர் பலர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். எல்லோருக்கும் சமமான வாழ்க்கை வசதி கிடைக்காதவரையில், எவருடைய பிறவி உயர்ந்தது, எவருடையது தாழ்ந்தது என்று அளக்கவே இயலாது என்பது அவ்வறிக்கையின் சாரம். பிற்காலத்தில் பாரதப் பிரஜையாகிப் புவனேசுவரத்தில் உயிர்நீத்த ஹால்டேனும் அதில் ஒப்பமிட்டவரே. மனித இனத்தைப் பொறுக்கித் திருத்தும் ஆசையை அவ்வறிக்கை முற்றிலும் கைவிடவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

யுத்த காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் விமானப் படைக்குக் கணித ஆலோசனை கூறிய வாடிங்டன், 1947ல் எடின்பரோவில் பேராசிரியர் பதவி ஏற்றார். அங்குதான் அவருடைய பிரசித்தமான சோதனை நடந்தது. பழ ஈயின் கூட்டுப்புழுக்களை 40 டிகிரி உஷ்ணத்தில் நான்கு மணி நேரம் வைத்தார். வெளிவந்த ஈக்களில் சிலவற்றுக்குச் சிறகின் குறுக்கு நரம்பு ஒன்று இல்லை. அவற்றையே பொறுக்கி இனம் பெருக்கினார். அடுத்த தலைமுறையையும் சூட்டில் வைத்துப் பொறுக்கினார். பதினான்கு தலைமுறை அளவில் ஓர் அதிசயம் கண்டார். சூட்டில் வைக்காத ஈக்களிலும் சிலவற்றுக்கு அந்த நரம்பு இல்லை! 1953ல் இதை வெளியிட்டார்.

தேடிய குணம் சந்ததிக்கு அப்படியே இறங்குகிறது என்று இதற்குச் சிலர் பொருள்கொண்டார்கள். வாடிங்டன் அவ்வாறு கொள்ளவில்லை. ஈக்களுக்குள் முன்பே மறைந்துகிடந்த வேற்றுமைகளைச் சூடு வெளிப்படுத்தியது. பொறுக்கியெடுத்தல் அவற்றை ஒன்றுசேர்த்தது. பள்ளத்தின் போக்கே மாறிவிட்டது என்பதுதான் அவர் விளக்கம். வறண்ட வருஷத்தில் தாக்குப்பிடித்த கதிரைப் பொறுக்கி விதைநெல்லாக வைக்கும் குடியானவனுக்கு இது விளங்கும். ஆனால் லைசெங்கோவின் அட்டூழியத்தினால் மனம் கசந்திருந்த அறிஞர்கள், அந்த வாடை வீசுவதாகச் சந்தேகித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாடிங்டனிடமும் குறையில்லாமலில்லை. புதுப்புதுப் பெயர்களைச் சிருஷ்டிப்பதில் அவருக்கிருந்த மோகம் வாசகர்களை விரட்டியது. அவருடைய மலைச்சித்திரம் சித்திரமாகவே நின்றது. கயிறுகளை இழுக்கும் கை எது என்று அவரால் காட்ட முடியவில்லை.

அந்தக் கையைப் பிறர் கண்டார்கள். 1961ல் ஜாக்கப், மோனோ என்ற பிரெஞ்சு அறிஞர்கள், பால் சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் ஜீன்களைப் பாக்டீரியா திறக்கிறது, மற்ற வேளையில் மூடிவைக்கிறது என்று நிரூபித்தார்கள். 1975ல் ஹாலிடேயும் பியூவும் சேர்ந்தும், ரிக்ஸ் தனியாகவும், ஜீன்கள் அடங்கிய டி. என். ஏ. இழையின்மேல் மெதில் என்ற சிறு ரசாயன முத்திரை ஒட்டிக்கொள்வதே உயர்ந்த பிராணிகளில் ஜீனை அடைத்துவைக்கும் உபாயமாகலாம் என்று எழுதினார்கள். ஏட்டுச்சுவடி ஒன்றுதான், எழுத்தும் மாறவில்லை, ஆனால் சில ஏடுகள் கயிற்றால் கட்டப்பட்டுவிட்டால் அவற்றைப் படிக்க முடியாதல்லவா? உயிரணு இரண்டாகப் பிரியும்போது அந்தக் கட்டும் பிரதி செய்யப்படுகிறது. ஆகவேதான் ஈரல் ஈரலாகவே நீடிக்கிறது. இக்கருத்து வெளியான அதே 1975ல், செப்டம்பர் 26ந் தேதி, வாடிங்டன் எடின்பரோவில் காலமானார். அவர் பள்ளத்தில் இறங்கிய பந்தை மறுபடி உச்சிக்கு ஏற்றலாம் என்பதையும் 2006ல் ஜப்பானியரான யமனாகா நான்கே ஜீன்களைக் கொண்டு எலியின் உயிரணுவில் செய்து காட்டினார்.

ஒருவர் உடலில் விழுந்த இந்த முத்திரைகள் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குமா? இங்குதான் நிதானம் வேண்டும். பிராணிகளில், கருவும் வித்தும் உண்டாகும்போது பெரும்பாலான முத்திரைகள் அழிக்கப்படுகின்றன. செடிகளில் அவை உறுதியாக நிற்பதுண்டு. மனிதரில் பல தலைமுறைக்கு இறங்குவதாக நிச்சயமான ருஜு ஏற்படவில்லை. ஆனால் தாய் வயிற்றிலிருக்கும் குழந்தையை நாட்டின் நிலைமை தொடும் என்பதற்கு ருஜு உண்டு. 1944 - 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் ஹாலந்து மக்களைப் பட்டினி போட்டன. அப்போது கருவானவர்களின் ரத்தத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, வளர்ச்சிக்குரிய ஒரு ஜீனில் மெதில் முத்திரை அவர்களுடைய உடன்பிறந்தாரைவிடக் குறைந்திருந்தது. இது 2008ல் வெளியாயிற்று. நமது நாட்டிலும், புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறக்கும் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைவிட எடையில் மிகச் சிறியவையாயினும் கொழுப்பில் அவ்வளவு குறையாதவை என்றும், பிற்காலத்து நீரிழிவுக்கு அது வித்தாகலாம் என்றும் வைத்தியர்கள் கூறுகிறார்கள். 1876 - 78 தாது வருஷப் பஞ்சத்தையும் 1943 வங்காளப் பஞ்சத்தையும் கண்ட தேசம் இதை அலட்சியம் செய்யலாகாது. பஞ்சத்தில் மாண்டோரை மட்டும் கணக்கிடுவது போதாது. அதில் கருவாகிப் பிழைத்தோரையும் கணக்கிடவேண்டும்.

வாடிங்டன் சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் இதுவே. பரம்பரை பொய்யன்று, எலுமிச்சை வித்தில் மாங்கனி காய்க்காது. ஆனால் வித்தையே குறைகூறி வாளாவிருப்பவன் நல்ல தோட்டக்காரனல்லன். புளியங்குடித் தோட்டக்காரன் மரம் வாடினால் அதன் குலத்தை விசாரிப்பதில்லை. வாய்க்காலைச் செப்பனிட்டு, எருவிட்டு, தண்ணீர் பாய்ச்சுகிறான். ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி ஏறாது என்று பேசியவர்கள் இருந்த நாட்டில், 1956ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு அளிக்கத் தொடங்கியதும் இதே நியாயத்தைப் பற்றித்தான். அந்தச் சோறு இன்னும் ஒரு படி முன்னே சென்று, கருவுற்ற ஒவ்வொரு தாயின் இலையிலும் குறைவின்றி விழவேண்டும். அதைக் கேட்பதும் பெறுவதும் பொதுஜன ஊழியர்களின் கடமையாகும்.