அம்பும் அன்பும்: கண்ணப்ப நாயனார் வரலாறு

சைவப் பெருமக்கள் போற்றும் அறுபத்து மூன்று நாயன்மாருள், காட்டிலே பிறந்து, வில்லும் அம்புமே கல்வியாகக் கொண்டு, ஆறே நாளில் சிவப்பேறு பெற்றவர் கண்ணப்ப நாயனார். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையில் இவரை வணங்கினார். கண்ணப்பருடைய அன்பு போன்ற அன்பு தம்மிடம் இல்லையே என்று மாணிக்கவாசக சுவாமிகள் ஏங்கினார். நக்கீரரும் கல்லாடரும் பாடிய திருமறங்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவர் வரலாற்றை விரித்துப் பாடினார். எங்கள் நாட்டு ஆறுமுக நாவலர் 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டபின் அது வீடுதோறும் படிக்கப்படலாயிற்று.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரிலே வேடர் தலைவன் நாகனுக்கும் அவன் மனைவி தத்தைக்கும் நெடுநாள் பிள்ளையில்லை. முருகப் பெருமானுக்குச் சேவலும் மயிலும் நேர்ந்து, குரவையாடி வேண்டிப் பெற்ற மகன் தூக்குவதற்கே பாரமாக இருந்தமையால் திண்ணன் எனப் பெயரிட்டனர்.

பிள்ளை வளர்ந்ததும் வில் பிடிக்கும் விழா ஏழு நாள் எடுத்தார்கள். வேடர் மகனுக்கு அதுவே ஏடு தொடக்கும் நாள். வில்வித்தை என்றால் எய்வது மாத்திரம் அன்று. அம்பு செய்யும் பொறுமையும் அதனுள் அடங்கும். நேரான கோலைத் தேடி வெட்டி, பட்டை சீவி, நிழலில் உலர்த்த வேண்டும். வளைவு இருந்தால் நெருப்பில் வாட்டி நிமிர்த்த வேண்டும். ஒரு முனையில் நாண் பொருந்த வெட்டிட்டு, அதன் அருகே இறகு கட்ட வேண்டும். இறகு ஒழுங்கில்லாவிடில் அம்பு வழி தவறும். மறுமுனையில் இரும்பு அலகைச் செருகி நாரினால் இறுக்க வேண்டும். கோல் கோணினால் குறி கோணும். மனம் கோணினாலும் அப்படியே.

திண்ணனார் பதினாறு வயதை அடைந்தபோது நாகன் முதுமையால் தளர்ந்திருந்தான். பன்றி முதலிய விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர் வந்து முறையிட, நாகன் தலைமையை மகனிடம் ஒப்படைத்தான். சேனையிலும் வயலிலும் யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவல் இருக்கும் எங்கள் படுவான்கரை மக்களுக்கு அந்த வேடரின் துயரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தேவராட்டி ஆசி கூற, திண்ணனார் கன்னி வேட்டைக்குப் புறப்பட்டார். வலையறுத்து ஓடிய பன்றி ஒன்றை நாணனும் காடனும் பின்தொடர நெடுந்தூரம் துரத்திச் சென்று, உடைவாளால் வீழ்த்தினார். தாகம் தீரப் பொன்முகலி ஆற்றங்கரைக்கு வந்தார்கள். காடன் அங்கே தீ மூட்ட, திண்ணனார் நாணனோடு காளத்தி மலையில் ஏறினார். அங்கே குடுமித்தேவரைக் கண்டார். கண்ட மாத்திரத்தில் தாயைக் கண்ட கன்று போல ஓடித் தழுவினார். காட்டிலே துணையின்றி இருக்கிறாரே, பசிக்கு உணவு கொடுப்பார் யாருமில்லையே என்று உருகினார். நீர் வார்த்து, பூவும் இலையும் சூட்டும் பார்ப்பனர் ஒருவரை முன்பு கண்டதாக நாணன் சொன்னான். அதையே பூசை முறையாகக் கொண்டார்.

கீழே இறங்கி இறைச்சியை அம்பிலே கோத்து நெருப்பில் வாட்டினார். பதம் பார்க்கத் தாமே சுவைத்து, நல்லதைத் தேக்கிலைக் கல்லையில் வைத்தார். கையில் வில்லும் அம்பும் இருந்ததால் ஆற்றுநீரை வாயில் முகந்தார். பூவைத் தலைமயிரில் செருகினார். பழைய பூக்களைச் செருப்புக் காலால் விலக்கி, வாய் நீரால் திருமஞ்சனம் ஆட்டி, இறைச்சியைப் படைத்தார். இரவு முழுவதும் வில்லேந்திக் கண் துஞ்சாமல் காவல் நின்றார். தோழர் இருவரும் அவருக்குப் பித்து என்று ஊருக்கு ஓடினார்கள். நாகனும் தேவராட்டியும் வந்தும் அவரை மாற்ற முடியவில்லை.

விடிந்ததும் அவர் வேட்டைக்குச் செல்ல, ஆகம முறைப்படி நாள்தோறும் பூசிக்கும் சிவகோசரியார் வந்தார். எலும்பும் இறைச்சியும் கண்டு பதறி, இடத்தைச் சுத்தி செய்து, தம் பூசையை முடித்துச் சென்றார். ஐந்து நாள் இப்படியே நடந்தது. மனம் நொந்த முனிவருக்கு ஐந்தாம் இரவு இறைவன் கனவில் தோன்றி, அவ்வேடனின் செயல் ஒவ்வொன்றும் தனக்கு இனியது என்று உணர்த்தி, மறுநாள் மறைந்திருந்து காணும்படி பணித்தான்.

ஆறாம் நாள் திண்ணனார் வந்தபோது குடுமித்தேவரின் வலக்கண்ணில் உதிரம் பெருகியது. வில் கையிலிருந்து விழுந்தது. தீங்கு செய்தவர் யாரெனத் தேடினார். பச்சிலை பிழிந்தார். உதிரம் நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்ற நினைவு வந்தது. அம்பை எடுத்தார். அதுவரை விலங்கின் மேல் சென்ற அம்பைத் தம் வலக்கண்ணிலே இட்டுத் தோண்டி அப்பினார். உதிரம் நின்றது. மகிழ்ந்து கூத்தாடினார். அப்போது இடக்கண்ணிலும் உதிரம் தோன்றியது. மருந்துதான் கையில் இருக்கிறதே என்று அவர் கலங்கவில்லை. அடையாளத்துக்காகத் திருக்கண்ணின் மேல் ஒரு காலை ஊன்றி, மறுகண்ணிலும் அம்பை வைத்தார். இறைவன் திருக்கரம் நீட்டித் தடுத்து, கண்ணப்பர் என மும்முறை பெயரிட்டு அழைத்து, தன் வலப்பக்கத்தில் நிற்கும் வரம் அருளினான்.

இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள அந்தக் காளத்தி எங்கோ தூரத்தில் இருக்கலாம். ஆனால் அந்த அம்பு எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், இந்நாட்டு வேடர் அம்பலகு பெறும் முறையை எழுதியிருக்கிறார். கொல்லனின் பட்டறையிலே இரவில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அலகின் வடிவில் இலை ஒன்றை வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அப்படியே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்களாம். 1911 இல் வேடரைப் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் தம்பதியர், அம்பை ஏந்தி முன்னோர் தெய்வத்தை அழைத்து ஆடும் சடங்குகளைக் குறித்திருக்கிறார்கள். தமிழ் பேசும் கிழக்குக் கரை வேடரையும் அந்நூல் கூறுகின்றது. வேடர் வழிவந்தோரின் குமார தெய்வச் சடங்கிலும் வில்லும் அம்பும் இடம்பெறுகின்றன. எமது போரதீவுப்பற்றில் உள்ள தில்லை மண்டூரில் வேலை முதலில் கண்டு வழிபட்டவர் வேடரே என்பது முன்னோர் வாக்கு. அங்கே கப்புகனார் வாய் கட்டி, மந்திரமின்றிப் பூசை செய்கின்றார். காளத்தியில் வாய் நிறைந்த நீர். மண்டூரில் கட்டிய வாய். இரண்டிலும் பேசுவது அன்பு ஒன்றே.

வேடர் வழி வந்தவர் என்று சொல்லக் கூசும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆகமத்தில் இல்லை என்று பழைய சடங்குகளைக் கைவிடுவோரும் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இறைவன் சிவகோசரியாரின் பூசையைத் தள்ளவில்லை. திண்ணனாரின் பூசையையும் தள்ளவில்லை. ஒருவரைக் கொண்டு மற்றவருக்கு உணர்த்தினான். ஆகமமும் வேண்டும், முன்னோர் முறையும் வேண்டும். இரண்டிலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை.

கண்ணப்பரைக் காட்டி எவரும் காட்டுக்கு வேட்டையாடப் போகவேண்டியதில்லை. காட்டு விலங்குகளுக்கு 1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காவல் நிற்கின்றது. அவர் நமக்குக் காட்டிய வேட்டை வேறு. கையில் உள்ள அம்பு எதுவாயினும், கல்வியோ, செல்வமோ, உடல் வலிமையோ, அதைப் பிறர் மேல் எய்யாமல், பிறர் கண்ணீர் துடைக்கத் தன்பக்கம் திருப்புவதே அது.

தை மாதத்து மிருகசீரிட நாளில் நாயனாரின் குருபூசை வருகின்றது. அன்று ஆலயத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வந்து இந்தச் சரிதத்தைச் சொல்லிக் கொடுப்போம். எல்லாம் வல்ல எம்பெருமான் எமது கிராமத்து அடியார் அனைவருக்கும் திண்ணிய அன்பைத் தந்தருள்வானாக.