ஜி என்றால் கோபாலசமுத்திரம்

பத்தமடைப் பாயைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்தப் பத்தமடைக்குப் பக்கத்திலேயே, தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் கோபாலசமுத்திரம். உலகத்தில் புரதங்களை ஆராய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரின் முதல் எழுத்து இந்த ஊரைத்தான் குறிக்கிறது. ஜி.என்.ராமச்சந்திரன் என்றால் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். சர் சி.வி.ராமனைத் தெரிந்த அளவுக்கு நம் ஜில்லாக்காரருக்கு இவரைத் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

பூர்வீகம் இங்கே என்றாலும் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ம் தேதி. அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பையனுக்குக் கணக்கு வீட்டுச் சோறு மாதிரி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் இயற்பியல் முடித்துவிட்டு 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். எந்தப் பிரிவில் தெரியுமா? எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்! அங்கே இருந்த ராமன், இந்தப் பையனின் மூளையைப் பார்த்துவிட்டு இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். (நம் டிரிபிள்-ஈ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நஷ்டம் உங்களுக்குத்தான்.)

ராமனிடம் டாக்டர் பட்டம் வாங்கி, 1947-ல் கேம்பிரிட்ஜ் போய் அங்கேயும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். எக்ஸ்ரேயைப் படிகத்தின் மேல் செலுத்தினால் அது சிதறிப் படத்தட்டில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியபோது ராமன் கை காட்டியது இவரை. வயது முப்பதுதான்.

வந்த புதிதில் துறையில் பெரிதாகக் கருவி ஒன்றும் கிடையாது. அந்த வருஷம் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன? நம் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லியதாக, செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். இடையில் சாந்து பூசினாற்போல் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள். ஆற்றில் எவ்வளவு நேரம் முங்கிக் குளித்தாலும் உடம்புக்குள் தண்ணீர் ஏறாமலும், வெயிலில் நின்றாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் வற்றிவிடாமலும் காப்பது இந்தக் கொழுப்புச் சாந்துதான். அது சுமார் 6 நானோமீட்டருக்கு ஒன்று, 13 நானோமீட்டருக்கு ஒன்று என இரண்டு விதமாகப் படலம் படலமாக அடுக்கியிருக்கிறது என்பதையும் பிற்காலத்தில் வேறு ஆட்கள் எக்ஸ்ரே வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கீழே இருக்கும் கனமான தோலில், ஈரத்தைக் கழித்துவிட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன். தோல் பதனிடுகிறவர்கள் முடியையும் மேல்தோலையும் கொழுப்பையும் நீக்கிவிடுவார்கள். மிஞ்சி, செருப்பாகவும் பெல்ட்டாகவும் நம்மிடம் வருவது இந்தக் கொலாஜன்தான்.

மாதிரிப் பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. முதலில் அங்கிருந்து சுறா மீன் துடுப்பில் எடுத்த கொலாஜன் வந்தது. படம் தெளிவாக விழவில்லை. பிறகு கங்காரு வால் தசைநாரைப் பிடித்தார்கள். கோபிநாத் கர்த்தாவும் அவரும் உட்கார்ந்து, பந்தும் குச்சியும் வைத்து மாடல் கட்டிப் பார்த்தார்கள். இந்தப் புரதத்தில் மூன்றில் ஒன்று கிளைசின், அதாவது இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம். ஏன் மூன்றுக்கு ஒன்று? மூன்று சங்கிலிகள் சேர்ந்திருந்தால், நடுவில் இருக்கிற நெருக்கடியான இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் நுழையாது! 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் முப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்றார்கள்.

நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் வடம் பிரியாது. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுற்ற, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றுகின்றன.

இங்கேதான் சிக்கல் வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக், ரிச் என்பவருடன் சேர்ந்து 1955-ல் தன் மாடலை வெளியிட்டார். முப்புரி சரிதான், ஆனால் சென்னைக்காரர்கள் மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு வராது, ஒன்றுதான் வரும் என்பது அவர்கள் வாதம். கிரிக் சொன்னால் உலகமே கேட்கும் காலம் அது. பிணைப்புக் கணக்கில் அவர்கள் பக்கம்தான் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பிணைப்பு தண்ணீர் மூலக்கூறு வழியாக வரலாம் என்று ராமச்சந்திரன் குழு 1968-ல் எழுதியது. 1994-ல் அமெரிக்காவில் கொலாஜன் மாதிரிப் படிகத்தை ஆராய்ந்தபோது, சுற்றிலும் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

ஆனால் அந்த நெருக்கம் என்ற குற்றச்சாட்டை ராமச்சந்திரன் விடவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு ஜோடி அணுவுக்கும் குறைந்தபட்ச தூரத்தை வகுத்தார். புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவிலும் தாராளமாகத் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டுதான். ஒன்று ஃபை, மற்றது ப்ஸை. இரண்டையும் கிராப் ஷீட்டின் இரண்டு அச்சில் வைத்து, ஒவ்வொரு கோணத்துக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் கிடையாது, மேஜைக் கால்குலேட்டர்தான். முடிவில் கட்டத்தின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட பிரதேசம், சின்னச் சின்னத் தீவுகள்தான் அனுமதிக்கப்பட்டவை என்று வந்தது. 1963-ல் வெளியான அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். 2024-ல் கம்ப்யூட்டர் மூலம் புரத அமைப்பை ஊகித்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த அமைப்புகளையும் இந்தக் கட்டத்தில் போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள்.

1970 வாக்கில் பெங்களூர் திரும்பி மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1971-ல் லட்சுமிநாராயணனோடு எழுதிய ஒரு கட்டுரையின் கணக்குமுறை, சி.டி. ஸ்கேன் படம் உருவாக்குவதில் பயன்பட்டது. 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் மட்டும் வரவில்லை. கடைசி வருஷங்கள் கஷ்டமானவை. நடுக்குவாத நோய், 1998-ல் மனைவியின் மறைவு. 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார்.

அன்று கொலாஜன் கொடுத்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அரங்கத்துக்கு டிரிப்பிள் ஹெலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்டர்வியூவுக்குச் சென்னை போகிறவர்கள், அடையாறு பக்கம் பஸ்ஸில் போனால் எட்டிப் பாருங்கள்.