நான்கு குட்டிகளும் இரண்டு சுண்டு அரிசியும்

மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு கடதாசிப் பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் பூனை, நான்கு குட்டிகளோடு. இரண்டு கறுப்பு, ஒன்று வரி போட்டது, ஒன்று தாயைப் போல வெள்ளை. பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்த குடும்பம் முதல் நாள்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு கந்தளாயை விட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டில் ஏற்கனவே மூன்று பூனைகள். ஒரு கடுவன், இரண்டு பெட்டை. அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மாவின் மௌனத்துக்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. சினைப் பூனை. அதைச் சாக்கில் போட்டுத் தூக்கி வர அம்மா நினைத்தாராம். அம்மம்மா விடவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு பாய்க்கட்டையும் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கமாக நடக்கிறவர்களுக்குப் பூனை ஒரு கேடா என்று அவர் கேட்டது நியாயம்தான். கடைசியாக அம்மா பார்த்தது மதில் மேல் அது உட்கார்ந்திருந்ததை. திருகோணமலை நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் படுத்த இரவுகளில் வீட்டைப் பற்றி நினைத்ததைவிட அந்தப் பூனையைப் பற்றி நினைத்ததே அதிகம் என்று எப்போதோ ஒருமுறை சொன்னார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. யுத்தம் முடிந்து நாங்கள் இங்கே திரும்பி வந்த பின் முதல் பூனை தானாக வந்தது, மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து வந்தன. இனி ஒன்றும் வேண்டாம் என்பது அம்மா போட்ட கட்டளை.

பெட்டியைத் திண்ணைக்கு நகர்த்தும்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் சுப்பிரமணிய பாரதி. அவருடைய முரசு பாட்டில் ஒரு வெள்ளைப் பூனை வருகிறது. அதுவும் நான்கு குட்டி போடுகிறது. ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று பாம்புத் தோல் மாதிரி, ஒன்று வெள்ளை. நிறம் வேறானாலும் எல்லாம் ஒரே இனம், மனிதர்களும் அப்படித்தான் என்பது அவர் சொல்ல வந்தது. எங்கள் பாடப்புத்தகங்களிலும் பட்டிமன்றங்களிலும் அது சாதிக்கு எதிரான உவமையாக மட்டுமே நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பூனை ஒரு வீட்டில் வளர்கிற பூனை. வீடு என்றால் அதற்குச் சோறு வைத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். பாரதியின் வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்று யோசித்தேன்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தவர். ஐந்து வயதில் தாய் இலட்சுமி அம்மாள் இறந்தார். 1897இல் திருமணம். மணமகள் கடையத்துச் செல்லம்மாளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த ஆண்டே தகப்பன் சின்னச்சாமி ஐயரும் போய்விட, அத்தை குப்பம்மாளின் காசி வீட்டில் ஒதுங்கினார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்சக் காலம், 1904இல் மதுரை சேதுபதி பாடசாலையில் சில மாத ஆசிரியர் வேலை, அதே வருடம் சென்னையில் சுதேசமித்திரன். இந்தப் பகுதியை எல்லோரும் படித்திருப்பீர்கள்.

1908இலிருந்துதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பழக்கமான கதை தொடங்குகிறது. பாரதி எழுதிவந்த இந்தியா பத்திரிகையின் மீது அரசாங்கம் பாய்ந்தது. பதிவில் ஆசிரியர் என்று இருந்தவர் ஸ்ரீநிவாசன். அவர் கைதாகிச் சிறைக்குப் போனார். பாரதி, நண்பர்கள் சொல்லைக் கேட்டு, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். தன் எழுத்துக்கு இன்னொருவர் சிறை போக, எழுதியவர் எல்லை தாண்டினார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நாட்டை விட்டு ஓடிய பத்திரிகையாளர்களையும், ஓடாமல் நின்று செத்தவர்களையும் தெரிந்த நாங்கள் அந்தக் கேள்விக்கு அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம் என்று நினைக்கிறேன்.

பத்து வருடம் அவர் ஓர் அகதி. அந்தச் சொல்லைப் பாரதிக்குப் பொருத்திப் பார்க்க நமக்கு ஏனோ கூச்சம். புதுச்சேரிக்கு வந்த பிறகும் நடந்துவந்த இந்தியா, பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதால் 1910இல் நின்றது. வாசகரிடம் போய்ச்சேர முடியாத பத்திரிகையால் வீட்டுக்குக் காசு எப்படி வரும். தெருவில் ஒற்றர்கள் நின்றார்கள். கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன. ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பாரதி பட்டப்பெயர் வைத்து அழைத்தார். வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டு, வாடகை கேட்காமலே திரும்பிப் போகிற மனிதராக அவரை வ.ரா. வரைந்திருக்கிறார். இடம்பெயர்ந்து வாடகை வீட்டில் இருந்த யாரும் அந்தச் செட்டியாரை இலேசில் மறக்க மாட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

அந்த வீட்டில் ஆட்கள் குறைவு என்று நினைக்கக் கூடாது. மகள்மார் தங்கம்மாள், சகுந்தலா. வேலைக்கு உதவியாக அம்மாக்கண்ணு. அரவிந்தர் 1910இல் அங்கே வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார், வ.ரா. வந்தார். வருகிறவர்களில் பலர் சாப்பாட்டு நேரத்திலும் இருந்தார்கள். மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் சிறுமியாக அந்த வீட்டுக்குள் ஓடித்திரிந்து, பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் இந்தக் கலகலப்பு இருக்கிறது. அடுப்பின் பக்கத்துக் கவலையும் இருக்கிறது.

இந்த வீட்டில்தான் அந்தக் குருவிக் கதை நடக்கிறது. சமைக்க அரிசி இல்லை. செல்லம்மாள் கடன் வாங்கிக் கொண்டுவந்து வைக்கிறார். அவர் வேறு வேலையாகத் திரும்பிய நேரத்தில் பாரதி அந்த அரிசியை முற்றத்தில் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்கிற அழகில் மயங்கி நிற்கிறார். ஆயிரம் மேடைகளில் சொல்லப்பட்ட கதை. சொல்கிறவர்கள் குருவிகளோடு நிறுத்திவிடுவார்கள், மண்டபம் கைதட்டும்.

அன்று இரவு இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். பூனைகளுக்காக வாதாடத்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மா கைதட்டவில்லை. அன்று மத்தியானம் அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு செல்லம்மாளின் பக்கம் என் கண் போனது. அவர் உயிர்களை வெறுத்தவர் அல்ல. கணவரைப் பற்றி அவரே ஒரு சரித்திரம் எழுதினார். அதை வாசிக்கிறவர்களுக்குத் தெரிவது, இன்னொருவரின் கருணைக்குத் தன் அடுப்பிலிருந்து விலை கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு பெண். பின்னாளில் திருவனந்தபுரம் மிருகக்காட்சிச் சாலையில் பாரதி சிங்கத்தின் கூட்டருகே போய் அதைத் தொட்டுப் பேசியபோது பயந்து நின்றவரும் அவர்தான். தொட்டவரின் பெயர் நின்றது. பயந்து நின்றவரின் பயத்தையும் நாம் ஒரு வேலையாகக் கணக்கெடுக்கலாம்.

பாரதியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. 1915இல் எழுதிய பாப்பா பாட்டில் அவர் குழந்தைக்கு அறிமுகப்படுத்துகிற உயிர்களை எண்ணிப் பாருங்கள். குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு. பெரும்பாலும் உழைக்கிற, உதவுகிற, நாம் காக்கவேண்டிய உயிர்கள். பூனை இல்லை. பூனை முரசுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு இன்ன பயன் என்று சொல்ல முடியாத பிராணியைச் சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

உவமையில் அவருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு. பூனையின் முழு வெள்ளை நிறம் உண்மையில் ஒரு போர்வை. கீழே வேறு நிறத்துக்கான மரபணு இருக்கும், வெள்ளை அதை மூடி நிற்கும். தாயிடம் மூடிக் கிடந்தது குட்டிகளில் வெளியே வரும். இன்னொன்று, ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்குத் தகப்பன்மார் வெவ்வேறாகவும் இருக்கலாம். எங்கள் பெட்டிக்குள் கிடந்த நான்கும் எப்படி வந்தன என்பதற்கு இதுவே விளக்கம். எங்கள் கடுவனையும் நான் சந்தேகிக்கிறேன்.

1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் அடித்தது. விழாமல் தப்பிய ஒரு தென்னந்தோப்பைப் பற்றி அவர் பாடினார். புயலுக்குப் பிந்திய விடியலில் எது நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் கந்தளாய்க்காரருக்கும் உண்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை எங்கள் குளம் உடைத்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று தண்ணீர் பிரித்துப் பார்க்கவில்லை.

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையிலேயே பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டார்கள். அங்கிருந்து ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலை விட்டு ஒதுங்குவதாக ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்து, நிபந்தனைகளோடு வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், எழுதுவதை முதலில் பொலிஸுக்குக் காட்ட வேண்டும். இந்தப் பகுதியைச் சிலர் மெல்லத் தாண்டிவிடுவார்கள். கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை வாசலில் வரவேற்ற தாய்மார் இதை வாசித்தால் தாண்ட மாட்டார்கள்.

கடையத்தில் மனைவியின் சொந்தக்காரர் மத்தியில் இரண்டு வருடம். அக்கிரகாரத்துக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. 1920இல் தடை நீங்கி, சென்னையில் மீண்டும் சுதேசமித்திரன். திருவல்லிக்கேணியில் வீடு. பார்த்தசாரதி கோயில் யானைக்கு அவர் வழக்கமாகத் தின்னக் கொடுப்பார். ஒருநாள் அது மதம் பிடித்திருந்த நிலையில் தள்ளிவிட, குவளைக் கண்ணன் பாய்ந்து தூக்கினார். யானை மிதித்துச் செத்தார் என்பது எங்கள் ஊரிலும் உலாவுகிற பிழை. காயம் ஆறி வேலைக்கும் போனார், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குப் போய்ப் பேசியும் வந்தார். உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக் கடுப்பு. 1921 செப்டம்பர் 11 இரவு கடந்த சிறிது நேரத்தில் இறந்தார். வயது முப்பத்தொன்பதைத் தொடவில்லை. சவத்தோடு போனவர்களை விரல் மடக்கி எண்ணலாம்.

செல்லம்மாளுக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டிய அளவுதான். பாட்டுப் புத்தகங்களைத் தானே பதிப்பித்துப் பார்த்தார். உரிமை கைமாறி, கடைசியில் 1949இல் சென்னை அரசாங்கம் வாங்கியது. அவர் இறந்தது 1955இல். அந்தப் பெயர் எங்கள் பக்கம் பரவியதற்குக் காரணமானவர்களில் ஒருவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனபோது, பண்டிதர்கள் முகம் சுளித்த காலத்தில், பாரதியை மேடையேற்றினார்.

பூனை விடயத்துக்கு வருகிறேன். மிருக வைத்தியரிடம் கேட்டேன். பூனைக்கு ஒன்பது வாரத்தில் குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது சினைப்படும். குட்டிகளில் பெட்டை இருந்தால் நான்கைந்து மாதத்தில் அதுவும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யாமல் வைத்திருப்பது வளர்ப்பல்ல, பெட்டியை இன்னொரு வளவுக்குத் தள்ளிவிடுவதற்கான ஏற்பாடு என்று அவர் சொன்னார். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற வீடு எங்களுடையது. இன்னொரு முறை அப்படி வந்தால் முதலில் யாருடைய பங்கு குறையும் என்பதை இப்போதே பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. பேசினோம். வளர்க்க வேண்டும் என்று சொல்பவன் நான் என்பதால், மீனும் மருந்தும் என் கணக்கு. அம்மா அடுப்பை மட்டும் பார்ப்பார். எழுதிப் பிழைக்கிறவனின் வருமானத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை குறைவு என்பது வேறு.

வியாழக்கிழமை எங்கள் இரண்டு பெட்டைகளுக்கும் சத்திரசிகிச்சை. குட்டிகள் பால் மறந்த பிறகு தாய்க்கும். வெள்ளைக் குட்டியை நிலாவெளியில் உள்ள ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். இரண்டு மாதம் முடியும்வரை கொடுக்க வேண்டாம் என்று தடுத்தவர் அம்மாதான். வரிக்குட்டி இங்கே நிற்கும் போலிருக்கிறது. நேற்று அவர் அரிசி அளந்ததைப் பார்த்தேன். வழமையாக இரண்டு சுண்டு. நேற்று இரண்டரை. கறுப்புக் குட்டிகளைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.