ஆசிரியராகவே இருந்துவிட்ட அதிபர்

ஒரு நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தவர், விடுதலை கிடைத்த ஆறே வாரங்களில் அதன் பிரதமர் பதவியைத் துறந்தார். 1961 டிசம்பர் 9 அன்று தங்கனீகா விடுதலை பெற்றது. 1962 ஜனவரியில் ஜூலியஸ் நைரேரே பிரதமர் பதவியை ரஷீதி கவாவாவிடம் ஒப்படைத்துவிட்டு, கட்சியைச் சீர்படுத்த ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். கொடி ஏறிய களிப்பில் மக்கள் இனி எல்லாம் தானே வந்துசேரும் என்று எண்ணிவிடக் கூடாது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் நாடு குடியரசானபோது, மிகப் பெரும்பான்மை வாக்குகளுடன் அதிபராகத் திரும்பி வந்தார். பின்னர் 23 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். எங்கள் பாடநூல்களில் ஆப்பிரிக்க விடுதலைக்குக் கிடைத்த இடம் ஒன்றிரண்டு பத்திகள்தாம். நைரேரேயின்பால் என் கவனம் திரும்பியதற்குக் காரணம் அவருடைய கொள்கை அல்ல. மக்கள் அவரை அழைத்த பெயர். சுவாஹிலி மொழியில் முவாலிமு என்றால் ஆசிரியர். அதிபரான பின்னும், பதவி விலகிய பின்னும், மறைந்த பின்னும் அந்நாட்டு மக்களுக்கு அவர் முவாலிமுதான். அவரது பெருமைகள் மட்டுமல்ல, பிழைகளும் அந்த ஒரு சொல்லிலிருந்தே கிளைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள புட்டியாமா என்னும் சிற்றூரில் 1922இல் பிறந்தார். தந்தை சனாக்கி என்னும் சிறிய இனக்குழுவின் தலைவர். தாய் அவருடைய ஐந்தாம் மனைவி. கம்பராகே என்பது இயற்பெயர். ஜூலியஸ் என்பது இருபது வயதளவில் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றபோது வந்தது. பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடத்தையே பார்த்தார். அங்கிருந்து தபோரா அரசுப் பள்ளி, உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரி, 1949 முதல் 1952 வரை எடின்பரோ பல்கலைக்கழகம் என்று விரைந்து ஏறினார். முதுகலைப் பட்டத்துடன் திரும்பியவர், தார் எஸ் சலாம் நகருக்கு அருகில் புகு என்னும் இடத்துக் கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியரானார்.

அங்கிருந்தபடியே 1954 ஜூலை 7 அன்று தங்கனீகா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். தங்கனீகா ஐ.நா. சபையின் பொறுப்புரிமைப் பகுதியாகப் பிரிட்டனின் நிர்வாகத்தில் இருந்தது. 1955இல் அவர் நியூயார்க் சென்று பொறுப்புரிமை மன்றத்தின்முன் தம் மக்களுக்காக வாதாடினார். அரசியலா, ஆசிரியப் பணியா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி அதைத் தொடர்ந்து வந்தது. வேலையை விட்டார். ஆனால் கற்பிப்பதை விடவில்லை.

1958 தேர்தலில் பிரிட்டிஷ் அரசு ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. ஒவ்வொரு வாக்காளரும் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஐரோப்பியர், ஓர் ஆசியர் என மூவருக்கு வாக்களித்தாக வேண்டும். இதைப் புறக்கணிக்க வேண்டும் என்று கட்சிக்குள் பலர் கொதித்தனர். தபோராவில் கூடிய மாநாட்டில் அவர்களைப் பொறுமையாகப் பேசி இணங்கவைத்தார் நைரேரே. தடையாகப் போடப்பட்ட விதியையே அவர் படிக்கட்டாக்கினார். அவருடைய கட்சி ஆதரித்த மூவின வேட்பாளர்களும் வென்றனர். 1960 தேர்தலில் 71 இடங்களில் 70 அவர் கட்சிக்குக் கிடைத்தன. விடுதலைக்குச் சில வாரங்கள் முன்பு, குடியுரிமையைத் தோல் நிறத்தின் அடிப்படையில் வரையறுக்க வேண்டும் என்று சொந்தக் கட்சியினரே நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அவர் கடுஞ்சினத்துடன் மறுத்தார். இந்திய வம்சாவளியினரான அமீர் ஜமால் அந்நாட்டின் நிதியமைச்சராக நீண்ட காலம் இருக்க முடிந்தது இந்த உறுதியால்தான். ஆயினும் 1971இல் வாடகைக் கட்டடங்கள் நாட்டுடைமை ஆனபோது, பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் இந்திய வம்சாவளியினரே; பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். நிறத்தைப் பார்த்து இயற்றாத சட்டமும் ஒரு நிறத்தவர்மீதே விழக்கூடும்.

1964 அவரை உலுக்கிய ஆண்டு. ஜனவரியில் சான்சிபார் தீவில் புரட்சி வெடித்தது. சில நாள்களில் தங்கனீகாவின் சொந்தப் படையே கலகம் செய்தது. அதிபர் தலைமறைவாக நேர்ந்தது. இறுதியில் முன்னாள் ஆட்சியாளரான பிரிட்டனின் படை உதவியைக் கேட்டுப் பெற்றார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. ஏப்ரல் 26 அன்று சான்சிபாரும் தங்கனீகாவும் இணைந்தன, தான்சானியா பிறந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் 1962இலேயே வந்துவிட்டது. 1965 முதல் ஒரு கட்சி ஆட்சி. அதிலும் ஆசிரியரின் தேர்வுமுறை ஒன்று இருந்தது: ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே கட்சியின் இருவர் போட்டியிடுவர், மக்கள் ஒருவரைத் தேர்வர். அமைச்சர்கள் சிலரே இப்படித் தோற்றனர். ஆனால் வினாத்தாளைக் கட்சியே தயாரித்தது.

1966 அக்டோபரில், கட்டாயத் தேசியப் பணியை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாக வந்தனர். பணிக்காலத்தில் சம்பளத்தில் பெரும்பகுதி பிடிக்கப்படும் என்பது அவர்களுடைய குறை. ஏழை நாட்டின் செலவில் படித்தவர்கள் சம்பளக் கணக்குப் பேசியது அவரைச் சுட்டது. அந்த இடத்திலேயே தம் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அமைச்சர்களின் சம்பளமும் குறைந்தது. கூடவே ஏறக்குறைய 400 மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தண்டனையைத் தன்னிலிருந்து தொடங்கும் ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது கடினம். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தலைமை ஆசிரியரை நான் கண்டதுண்டு. அவரிடம் எங்களுக்கு மரியாதை மிகுதி, மறுத்துப் பேசும் துணிவுதான் இல்லை.

சில மாதங்களில், 1967 பிப்ரவரி 5 அன்று, அருஷா பிரகடனம் வெளியானது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. கட்சித் தலைவர்களும் உயர் அலுவலர்களும் பங்குகள் வைத்திருக்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது, இரண்டு சம்பளம் பெறக் கூடாது. இதன் நடுநாயகமாக விளங்கியது உஜாமா என்னும் கருத்து. குடும்பத்தார் சேர்ந்துழைத்துப் பகிர்ந்துண்பதுபோல் நாடே வாழ வேண்டும் என்பது அதன் பொருள். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் ஒன்றாகத் திரண்டால்தான் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் தர முடியும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. மக்கள் தாமே முன்வந்து சேர வேண்டும், எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அவர் தெளிவாகவே எழுதியிருந்தார்.

அப்படித் தாமே சேர்ந்த கிராமங்கள் உண்மையில் இருந்தன. தெற்கே ருவுமா பகுதியில், லிட்டோவா என்னும் ஊரை மையமாகக் கொண்டு, உழவர்கள் தாங்களே கூட்டாகப் பயிரிட்டுத் தங்களுக்கான பள்ளியையும் நடத்திவந்தனர். நைரேரே அதைக் கண்டு மகிழ்ந்தவர். ஆனால் கட்சிக்காரர்களுக்குத் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு உறுத்தியது. 1969இல் கட்சியின் மத்தியக் குழு ருவுமா சங்கத்தைத் தடைசெய்தது. அவர் தலைமையிலிருந்த கட்சிதான் அது. அவருடைய கனவு நிறைவேறியிருந்த ஒரே இடத்தை அவருடைய கட்சியே மூடியது. அவர் வாழ்க்கையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இது.

மற்றொன்று இரிங்காவில் நடந்தது. உஜாமாவைத் தீவிரமாக நடைமுறைப்படுத்திய மண்டல ஆணையர் வில்பர்ட் கிளெரு, 1971 கிறிஸ்துமஸ் நாளன்று சையது முவாம்விண்டி என்ற மக்காச்சோள உழவரின் நிலத்துக்குச் சென்றார். வாக்குவாதம் முற்றி, உழவர் அவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு உடலை ஆணையரின் காரிலேயே ஏற்றி, தாமே ஓட்டிச் சென்று காவல் நிலையத்தில் சரணடைந்தார். அவர் தூக்கிலிடப்பட்டார். கருணை காட்டும் அதிகாரம் அதிபரிடம் இருந்தது.

1973 நவம்பரில், 1976 இறுதிக்குள் ஊரகத்தார் அனைவரும் கிராமங்களில் குடியேறியாக வேண்டும் என்று ஆணையிட்டார் நைரேரே. அழைப்பு கட்டளையானது. அலுவலர்கள் லாரிகளுடன் வந்தனர். பல இடங்களில் பழைய குடிசைகள் இடிக்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் புதிய கிராமங்களின் கணக்கில் சேர்ந்தனர். மண்ணின் தன்மை அறியாமல் தேர்ந்த இடங்களில் விளைச்சல் சரிந்தது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. மாணவனுக்குப் பாடம் புரியவில்லை என்றால் பாடத்தை ஐயுறாமல் பிரம்பைத் தேடும் பழக்கம் எங்கள் தொழிலில் பழையது. அது ஒரு நாட்டின் அளவில் நடந்ததை இங்கே காண்கிறேன்.

இத்துடன் நிறுத்தினால் அவருக்கு அநீதி செய்தவனாவேன். நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் கொண்ட நாடு அது. சுவாஹிலி என்ற ஒரே மொழியால் அவர்களைப் பிணைத்தார். தாம் சிறிய இனத்தவராக இருந்ததும் அதற்கு உதவியது. அண்டை நாடுகளைச் சிதைத்த இனப்போர் அங்கே மூளவில்லை. முதியோர் கல்வி இயக்கத்தால், 1980களின் தொடக்கத்தில் அரசுக் கணக்கின்படி வயது வந்தோரில் முக்கால் பங்கினருக்குமேல் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தனர். ஆட்சிப் பணிகளுக்கிடையே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரைச் சுவாஹிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, ரொடீசியா விடுதலைப் போராளிகளுக்கு தார் எஸ் சலாம் புகலிடமானது. இடி அமீன் 1978இல் எல்லைப் பகுதியைக் கைப்பற்றியபோது, திருப்பித் தாக்கி 1979 ஏப்ரலில் கம்பாலாவரை சென்றது அவர் படை. அந்தப் போரின் செலவு வறிய நாட்டை மேலும் முறித்தது.

1985இல் தாமே விலகினார். அக்கால ஆப்பிரிக்காவில் அரிதாக நடந்த செயல் அது. உள்ளாட்சி அமைப்புகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கலைத்தது தவறு என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கிராமக் குடியேற்றத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாக அவர் பேசவில்லை. பின்னர் வளரும் நாடுகளுக்கான தெற்கு ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார்; அதன் பொதுச் செயலாளராகப் பணியாற்றியவர் மன்மோகன் சிங். 1995இல் இந்திய அரசு காந்தி அமைதிப் பரிசைத் தொடங்கியபோது, முதலில் அதைப் பெற்றவர் நைரேரேதான்.

1990இல், ஒரு கட்சி ஆட்சியைக் கட்டியவரே அது இனித் தொடர வேண்டுமா என்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தார். தலைமை நீதிபதி நியலாலி தலைமையிலான ஆணையம் நாடெங்கும் சென்று கருத்துக் கேட்டது. ஐந்தில் ஏறத்தாழ நால்வர் ஒரு கட்சியே போதும் என்றனர். மற்ற ஒருவரின் உரிமையைக் கருதிப் பல கட்சி முறையையே பரிந்துரைத்தது ஆணையம். நைரேரே அதை ஆதரித்தார். 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. பெரும்பான்மையின் விருப்பத்தை மீறி இம்முறை ஒரு கதவு திறந்தது. ருவுமாவின் உழவர்களுக்கு அது இருபத்து மூன்று ஆண்டுகள் தாமதம்.

1999 அக்டோபர் 14 அன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில், இரத்தப் புற்றுநோயால் அவர் காலமானார். உடல் தார் எஸ் சலாமுக்கு வந்தபோது சாலையோரமெங்கும் மக்கள் திரண்டு நின்றனர். பிறகு புட்டியாமாவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர்.