உருகி ஒன்றான இரும்பு

நம் முள்ளிப்பட்டு நெசவாளர் பழைய பாவின் முனையோடு புதிய பாவை இழை இழையாகச் சேர்த்து முறுக்குவதை நாம் அறிவோம். முறுக்கு ஏறாத இழை அருகில் கிடந்தாலும் இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். இரும்பை இணைப்பதிலும் இதே தொல்லை உண்டு. அத்தொல்லையோடு மல்லாடிய ஆஸ்கார் கெல்பெர்க் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளரைப் பற்றி எழுத விழைகின்றேன்.

1870இல் பிறந்த அவர், இளமையில் நீராவிக் கப்பல்களில் பணிபுரிந்தார். அக்காலக் கொதிகலன்கள் தகடுகளைத் தறையாணி அடித்துச் சேர்த்தவை. ஆணியோரம் நீராவி கசியும். அடைத்தாலும் மீண்டும் கசியும். நடுக்கடலில் கொதிகலன் வெடித்தால் ஓடி ஒதுங்க இடமேது?

மின்பொறியால் இரும்பை உருக்கி ஒட்டும் வித்தையை ரஷ்யாவில் பெனார்டோஸ், ஸ்லாவியானோவ் ஆகியோர் 1880களிலேயே காட்டியிருந்தனர். ஆயினும் வெறுங்கம்பி கொண்டு ஒட்டினால் பொறி நிலைத்து நிற்காது. காற்றுப் புகுந்து இணைப்பு துளைபட்டு நொறுங்கும். 1904இல் கோட்டன்பர்க் நகரில் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய கெல்பெர்க், கார்பனேட்டும் சிலிக்கேட்டும் கலந்த குழம்பில் கம்பியைத் தோய்த்து உலர்த்தினார். 1907இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டறைதோறும் காணும் வெல்டிங் ராடின் மூதாதை அதுவே. பூச்சு பொறியை நிலைநிறுத்தியது. கசடாக உருகி, சூடான உலோகத்தைப் போர்வைபோல் மூடியது.

ஆனால் பூச்சு மட்டுமே இணைப்பைக் காத்துவிடாது. மின்னோட்டம் குறைந்தாலோ, கை விரைந்தாலோ, துருவும் பெயிண்டும் நீங்காதிருந்தாலோ, ராடின் உலோகம் மட்டும் உருகி, உருகாத தகட்டின்மேல் படிந்துவிடும். தகடுகளுக்கிடையே போதிய இடைவெளி விடாவிட்டால் அடிவேர்வரை உருக்கம் இறங்காது. மேற்பரப்போ வழவழப்பாக இருக்கும்! மேற்பரப்புத் துளையைக் கண்ணால் காணலாம். இது ஒளிந்திருக்கும் விரிசலுக்கு ஒப்பானது. எக்ஸ்-கதிர்ப் படத்திலும் சிலவேளை தப்பிவிடும். மீயொலிச் சோதனையே இதனை நன்கு பிடிக்கும். ஆரணி வட்டாரத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலன் அருகே நின்று உழைப்போருக்கு இது வெறும் பாடநூல் செய்தி அன்று. திருச்சி பெல் நிறுவன வளாகத்தில் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

கெல்பெர்க்கின் துணிவுக்கு ஒரு சான்று போதும். தறையாணியே இல்லாமல், முழுவதும் பற்றவைத்த சிறு கப்பல் ஒன்றை 1920இல் அவர் நிறுவனம் கட்டி நீரில் இறக்கியது. ஓர் இணைப்பு உருகாமல் விட்டுப்போயிருந்தாலும் கடல் அதைக் கண்டுபிடித்திருக்கும். கப்பல் மிதந்தது. 1931இல் அவர் மறைந்தபோது, கப்பல் கட்டுவோர் பலர் தறையாணியைக் கைவிடலாமா என்று இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனர்.